அடுப்பு எந்த ஜில்லா?

ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையை விட்டுக் கிளம்பி, இரண்டாம் நாளாக நடந்துகொண்டிருந்தேன். செருப்பில் ஒன்று வழியில் அறுந்துவிட்டது. மற்றதை மட்டும் ஏன் தேய்க்க வேண்டும் என்று இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போனேன். மரவள்ளி அரைத்த தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றதில் விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக இருந்தது. காய்ந்த மலைமண் அதற்கு இதமாகத்தான் இருந்தது.

ஆலையை ஏன் விட்டேன் என்று இந்தப் பத்தியில் போன வாரமே எழுதிவிட்டேன். அங்கிருந்து ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் போனால் அரை நாள். போய் இறங்கியதும் "இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்பார்கள். மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாலும் அதே ஊருக்குத்தான் போகலாம். ஆனால் மூன்று நாள் ஆகும். கேள்வியும் மூன்று நாள் தள்ளிப்போகும். அதனால்தான் கல்வராயன் மலையில் ஏறினேன். வேறு பெரிய காரணம் இல்லை.

கருமந்துறை தாண்டியபின், வெள்ளிமலைக்கு எது வழி என்று கேட்ட இடத்திலெல்லாம் "நேரா போ" என்றார்கள். அந்த மலையில் நேரான பாதை என்று ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. வழியில் ஒரு பாறைச் சரிவில் குட்டையாக ஒரு கல் நட்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தேன். பிறகு பள்ளத்தில் ஒரு வீடு, சாமைக் காடு, மறுபடி ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில், கணவாயில், ஆள் உயரத்துக்கு ஒரு கற்குவியல்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்து, "கால் வலி இங்கேயே கிட" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வலி கல்லோடு தங்கிவிடும். நானும் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.

"யோவ், போடாத! போடாத!"

குவியலின் மறுபக்கத்திலிருந்து ஒரு ஆள் எழுந்து கையை ஆட்டினார். காக்கிச் சட்டை, கீழே வேட்டி. அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணியும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியும். அந்தப் பெண் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாங்களே இருக்கிற கல்ல எப்படி எடுக்கிறதுன்னு முழிச்சிக்கினு இருக்கிறோம். நீ வேற புதுசா ஒண்ண வெக்கிற" என்றார் அவர்.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வைப்பதா, கீழே போடுவதா என்று தெரியவில்லை.

மலை எங்கே முடிகிறது?

கல்வராயன் மலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. கால் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

மலையில் பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்று இரண்டு உண்டு. எது பெரியது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்த மாதிரி கிடக்கின்றன. ஒரு பக்கம் சேலம் மாவட்டம், இன்னொரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கிழக்குச் சரிவில் பெய்கிற மழை கோமுகிக்குப் போகிறது. ஆத்தூர்ப் பக்கம் பெய்வது கரியகோயில் ஆறு வழியாக வசிஷ்ட நதிக்குப் போகிறது. சரி, தண்ணீரே எல்லையைச் சொல்லிவிடும் என்று ஒருநாள் நினைத்தேன். பிறகு ஒரு லாரி டிரைவர் சொன்னார்: கோமுகி மணிமுத்தாற்றில் சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது, வசிஷ்ட நதியும் கடைசியில் வெள்ளாறுதான். பிரிகிற மாதிரி பிரிந்து, கடலுக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

மாவட்டமும் அப்படித்தான். நான் பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். படிப்பை விட்டது விழுப்புரம் மாவட்டம். இப்போது என் ரேஷன் கார்டு கள்ளக்குறிச்சி மாவட்டம். வீடு மட்டும் ஒரு அடிகூட நகரவில்லை.

மலை அதற்கும் மேல். ஏதோ ஒரு ராஜா மூன்று குடும்பத்துக்கு மலையைப் பங்கு வைத்துக் கொடுத்தாராம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பல வருஷம் ஆகியும், மலையில் அந்த ஜாகீர்தார்கள் கைதான் ஓங்கியிருந்தது. இத்தனை ஏருக்கு இவ்வளவு என்று அவர்களுக்குத்தான் வரி. ஏரை எண்ணவில்லை, அடுப்பைத்தான் எண்ணினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. யார் சொல்வது சரி என்று தெரியாது. ஒரு விஷயத்தை மூன்று பேரிடம் கேட்டால் மலையில் நான்கு பதில் கிடைக்கும்.

அதனால் மலையில் எங்கே பார்த்தாலும் நட்ட கல். ஜாகீர்தார் நட்டது, காட்டிலாகா நட்டது, சர்வே நட்டது, சாமிக்கு நட்டது. மழையில் எழுத்து அழிந்த பிறகு எல்லாம் ஒரே கல்தான்.

நீலப் புள்ளி

காக்கிச் சட்டைக்காரர் பெயர் பொன்னுசாமி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தலையாரி, அதாவது கிராம அதிகாரிக்கு உதவியாள். பெண்மணி ராசாத்தி. கைபேசியோடு சுற்றிக்கொண்டிருந்தவள் அவள் மகள் கோமதி. நான் தாண்டி வந்த பள்ளத்து வீடு அவர்களுடையது. ராசாத்தியின் புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான்.

"எந்தப் பக்கமா வந்துக்கினு இருக்கிற தம்பி?" என்று தலையாரி கேட்டார்.

"சேலம் ஜில்லாவுலருந்து."

"அப்ப இது எந்த ஜில்லா?"

"நீங்கதான சொல்லணும்?"

"பாத்தியா தங்கச்சி" என்று ராசாத்தியிடம் திரும்பினார். "நடந்து வந்தவனுக்கே தெரியல."

விஷயத்தைக் கோமதிதான் சொன்னாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அன்று திங்கள்கிழமை.

"கள்ளக்குறிச்சில கேட்டா, உங்க வூடு இப்ப சேலம் பக்கம் இருக்குது, ஆத்தூருக்குப் போம்மான்றாங்க. ஆத்தூர் போனா, கார்டு, ஆதாரு, பள்ளிக்கூடம் எல்லாம் கள்ளக்குறிச்சில இருக்குது, அங்கயே போம்மான்றாங்க. ரெண்டு பேரும் மரியாதையாத்தான் சொல்றாங்க. நாலு தடவ மரியாதையா அலஞ்சிட்டோம்."

"வூடு இப்ப அந்தப் பக்கம்னா? முன்ன எங்க இருந்துது?"

ராசாத்தி கிழக்கே கையைக் காட்டினாள். ஒரு கூப்பிடு தூரத்தில், மரத்தடியில் இடிந்த மண்சுவர் தெரிந்தது. நடுவில் செம்மண் நிறத்தில் ஆள் உயரப் புற்று. மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"நடுவூட்டுல புத்து எழும்பிச்சிணா. ரெண்டு தடவ இடிச்சோம். மறுபடி வந்துது. அதுக்கு மேல ஆத்தா கேக்குறா, நாம இருக்கக் கூடாதுன்னு விட்டுட்டு, எங்க காட்டுலயே இந்தப் பக்கம் வூட்ட கட்டிக்கினோம். எங்க காடுதான? நடுவுல ஜில்லா ஓடுதுன்னு யாரு கண்டா?"

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். புற்று எழும்பிய வீட்டில் அதற்கு மேல் யாரும் குடியிருப்பதில்லை. ஆத்தாவுக்கு விட்ட வீட்டையும் புதிதாகக் கட்டிய வீட்டையும் பிரிக்கிற கோடு ஒன்று தாளில் இருக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்குக் காலைல எல்லைய அளக்க சர்வேயர் அம்மா வராங்க, பாப்பாவோட வெள்ளிக்கிழமை கெடுவையும் சொல்லியிருக்கிறேன்" என்றார் தலையாரி. "கோட்டுமேல இருக்கிற ரெண்டு கல்லக் கண்டுபிடிச்சி சுத்தம் பண்ணி வெக்கச் சொன்னாங்க. ஒண்ணு இந்தக் குமிக்குக் கீழ இருக்குது. இன்னொண்ணு தெக்கால எங்கியோ பாறைல."

"போன்ல பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

கோமதி காட்டினாள். திரையில் ஒரு சாம்பல் கோடு. பக்கத்தில் நீலப் புள்ளி. நாங்கள் நான்கு பேரும் அசையாமல் நின்றோம். நீலப் புள்ளி மெதுவாகக் கோட்டைத் தாண்டி சேலத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

"இதுக்கும் மரியாதையா அலையத்தான் தெரியுது" என்றாள் கோமதி.

அடுத்தவர் கால் வலி

குவியலைப் பிரிக்க அவர்கள் மூன்று பேருக்கும் கை வரவில்லை. ஒவ்வொரு கல்லும் யாரோ இறக்கி வைத்த வலி. எடுத்தால் எடுத்தவனுக்கு வரும்.

"தம்பி வெளியூரு" என்றார் தலையாரி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"வெளியூருக்காரனுக்குக் கால் இல்லையா?"

"இருக்குது. ஆனா அது ஏற்கனவே வெந்துதான கிடக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லை எடுத்து வைக்க ஆரம்பித்தேன். சிலது உள்ளங்கைக்குள் அடங்கும். சிலது குழந்தை தலை அளவு. இந்தப் பெரிய கல்லை வைத்தவனுக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று யோசித்தேன். இல்லை, வலி இல்லாதவனால்தான் இவ்வளவு பெரிய கல்லைத் தூக்க முடியுமோ என்றும் யோசித்தேன். ஒன்றும் தெளியவில்லை. அடியில் ஈரமண்ணும் இரண்டு தேளும் இருந்தன. அதற்கும் கீழே செதுக்கிய தலையோடு ஒரு கல். அதன் உச்சியில் அம்புக்குறி.

"இதே மாதிரி குறி போட்ட கல்லு மேலதான் நான் உக்காந்து பீடி குடிச்சேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த மலைக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் திரும்பிப் போனால் எனக்கு அந்த இடம் பிடிபடவில்லை. முதலில் காட்டிய கல்லில் காட்டிலாகா எண் இருந்தது. இரண்டாவதில் மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. ராசாத்தி அதைப் பார்த்ததும், "அய்யோ, இதுமேலயா உக்காந்த?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இல்லை என்று சொல்ல நாலு முறை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் என் பீடித் துண்டைப் பார்த்துத்தான் இடம் தெரிந்தது. அம்புக்குறியும் இருந்தது.

யாருடைய சோத்துக் கை?

இரண்டு கல்லுக்கும் நடுவில் பள்ளம். பள்ளத்தில் ராசாத்தி வீடு. சர்வேயர் வருவதற்குள் நாமே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் தலையாரி. கணவாய்க் கல்லில் அவர் ஏறி நின்றார். பாறைக் கல்லில் கோமதி நின்றாள். ஒரு கழியின் நுனியில் அவளுடைய சிவப்புத் துப்பட்டாவைக் கட்டி என் கையில் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நேர்கோட்டில் எங்கே வருகிறேனோ அதுதான் மாவட்ட எல்லை.

"சோத்துக் கைப் பக்கம் போ!" என்று கத்தினார் தலையாரி.

போனேன்.

"எங்க போறீங்க? பீச்சாங்கைப் பக்கம்!" என்று கத்தினாள் கோமதி.

திரும்பினேன்.

"யோவ், சோத்துக் கைன்னா எது தெரியாதா? சாப்பிடுற கை!"

"அவரு எனக்கு எதிர்ல நிக்கிறாருணா! அவரு சோத்துக் கை எனக்குப் பீச்சாங்கை!"

"எனக்கு எது சோத்துக் கை, அதச் சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

சாமைக் காட்டில் நான் நாலு தடவை இங்கும் அங்கும் போய் வந்ததில், ராசாத்தி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். "ணா, ஜில்லா கெடக்கட்டும், சாமைய மிதிக்காத!" கடைசியில் கிழக்கே, மேற்கே என்று கத்தினார்கள். ஒருவழியாக இரண்டு பக்கமும் "அங்கயே நில்லு!" என்று சத்தம் வந்தபோது, எனக்கு முன்னால் ராசாத்தி வீட்டுச் சுவர் இருந்தது. கூரைமேல் ஏறிக் கழியைத் தூக்கினேன். முகட்டில் இருந்து இரண்டு முழம் கிழக்கே நகர்ந்ததும் மறுபடி இரண்டு பக்கமும் கத்தினார்கள்.

கோடு வீட்டுக்கு நடுவில் போனது. வாசல், கோமதி படுக்கிற இடம், அவள் புத்தகம் வைத்த பலகை, இவை கள்ளக்குறிச்சி. ராசாத்தியின் அடுப்பும் தானியப் பானைகளும் சேலம்.

தனி அடுப்பு

"வாசல் இந்தப் பக்கந்தான மாமா இருக்குது? போதாதா?" என்றாள் கோமதி.

தலையாரி தலையை ஆட்டினார். அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், கையெழுத்து என்றதும் மாறிவிட்டார். "பாப்பா, நான் போட்ட கையெழுத்த வெச்சித்தான் மேல போவும். நாளைக்கு யாராவது வந்து ஊர்ல கேப்பாங்க. வாசல எவன் கேக்குறான்? அடுப்பு எங்கன்னுதான் கேப்பான். அடுப்பு எங்கயோ, குடி அங்க. நம்ம ஊர்ல எவனக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவான்."

"அப்ப அடுப்ப இந்தப் பக்கம் மாத்திடலாம்."

"அது ஆவாது" என்றாள் ராசாத்தி. "ஆத்தா ஒரு தடவ கெளப்பி வுட்டா, வந்தோம். நானா ஒரு தடவ கெளப்ப மாட்டேன். அந்த அடுப்பு வெச்ச பொறவுதான் உங்கப்பன் சாராயத்த வுட்டுது."

கோழி ஒன்று சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்த் திரும்பியது. மாவட்ட நினைப்பில் இருந்த எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிந்தது.

"அப்ப ஒரே வழிதான் இருக்குது" என்றார் தலையாரி. சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பாப்பா இந்தப் பக்கம் தனி அடுப்பு வெக்கணும்."

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும், வெளியில் விறகு அடுப்பு இருக்கும், யாரும் கணக்கு வைப்பதில்லை. மலையில் வேறு. ஒரு கூரைக்குள் இரண்டாவது அடுப்பு வைத்தால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று பொருள். மகன் சண்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் போகும்போது செய்வது. கல்யாணமாகாத மகள் வைத்தால் தாய் உறவை அறுத்து அவளை வெட்டிவிட்டாள் என்பார்கள். வைத்த பிறகு அடுத்த அறுவடை வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பானைச் சோறு சாப்பிடக் கூடாது. ஊருக்காகச் சும்மா வைத்துவிட்டு எடுப்பதும் கூடாது.

"வாணாம்மா" என்றாள் கோமதி. "வேற வருஷம் பாத்துக்கலாம்."

ராசாத்தி அவளைப் பார்க்கவே இல்லை. முற்றத்து ஓரத்திலிருந்து மூன்று கல்லைப் பொறுக்கினாள். வாசல் பக்கத்து மூலையில் வைத்து, ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"போறவ எப்படியும் போகப் போறா. வூட்டுக்குள்ளயே ஒரு தடவ போயிக் காட்டட்டும். பழகிக்கிறேன்."

மண் குழைத்துப் பூசினாள். நன்றாகத்தான் பூசினாள். ஒரு பானை, ஒரு சட்டி, ஒரு கரண்டி, நாலு படி கேழ்வரகு என்று பிரித்து வைத்தாள். சண்டை போட்டுப் பிரிகிறவர்களுக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பற்ற வைக்கிற நேரத்தில் இன்னொரு சிக்கல். பழைய அடுப்பு நெருப்பைப் புது அடுப்புக்குத் தரக்கூடாது. தாய் வீட்டுத் தீப்பெட்டியும் கூடாது. தந்தால் பிரிந்ததாகாது. தலையாரி, கையெழுத்துப் போடுகிறவன் நெருப்பும் கொடுப்பது சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். மறுபடி மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பீடி லைட்டரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைக்கிறேனா, ஒரு பெண்ணைப் படிக்க அனுப்புகிறேனா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை. காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை சுள்ளி பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் எனக்குக் கோமதி அடுப்பில்தான் களி. அடி பிடித்திருந்தது. ராசாத்தி தன் அடுப்பில் களி கிண்டித் தனியாகச் சாப்பிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது. குழம்பில் புளி ஜாஸ்தியாகிவிட்டது என்று வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். தன் களியை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தலையாரி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை

காலையில் ஜீப் வெகுதூரத்திலேயே நின்றுவிட்டது. சர்வேயர் அம்மா நடந்து வந்தார். சின்ன வயது. தோளில் மூன்றுகால் கருவி, கையில் வரைபடச் சுருள். கோல் பிடிக்கிற ஆளுக்குக் காய்ச்சலாம். யாராவது ஒரு ஆள் கிடைப்பாரா, ஒரு வாரம் எல்லையோடு நடக்க வேண்டியிருக்கும் என்று தலையாரியிடம் கேட்டார்.

"ஒரு ஆளு இருக்கான். சோத்துக் கை பீச்சாங்கை மட்டும் கொஞ்சம் தகராறு" என்றார் தலையாரி.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய கோல். அம்மா கையை எந்தப் பக்கம் அசைக்கிறாரோ அந்தப் பக்கம் நகர வேண்டும். கையைக் கீழே இறக்கினால் நிற்க வேண்டும். நின்றால் அசையக் கூடாது. மூன்று மாதம் சேகோ ஆலையில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

இரண்டு கல்லையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு வாசலில் கருவியை நிறுத்தி, என்னை வீட்டுக்குள் அனுப்பினார். கையை அசைத்தார், அசைத்தார், இறக்கினார். நான் நின்ற இடம் இரண்டு அடுப்புக்கும் நடுவில். இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. வெளியே ஊர்ச்சனம் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"இந்த அடுப்பு யாரோடது?" என்று அம்மா வாசலிலிருந்து கேட்டார்.

"என்னுதுங்க" என்றாள் கோமதி.

"அது?"

"எங்க அம்மாவுதுங்க."

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பா? ஏன்?"

கோமதி வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "இன்னாடி ராசாத்தி, மவள வெட்டி வுட்டுட்டியா?"

"ஆமா" என்றாள் ராசாத்தி. அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "நர்ஸுக்குப் படிக்கப் போறேன்னா. நான் வாணான்னேன். கேக்கல. பிரிச்சி வுட்டுட்டேன்."

தலையாரி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தடி தூரத்தில் கோமதி சட்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சர்வேயர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, வாசற்படியில் ஏறி வந்தார். "என்னம்மா நீங்க? இந்தக் காலத்துல பொண்ணு படிக்கிறேன்னு சொன்னா வேணாம்னு சொல்ற அம்மா இருப்பாங்களா? நான் இந்த மாதிரி ஊர்லருந்து படிச்சு வந்தவதான். எங்கம்மா கூலிக்குப் போய் என்னைப் படிக்க வெச்சாங்க. உங்களுக்கு மனசு வரலையா?"

"நமக்கு அவ்ளோ புத்தி கம்மிங்க" என்றாள் ராசாத்தி.

"இந்தப் பொண்ணுக்கு நான் இன்னைக்கே எழுதி அனுப்புறேன். கிழக்குப் பக்கம், தனிச் சமையல், கள்ளக்குறிச்சி மாவட்டம்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் வரும். உங்களைக் கேட்டு இல்ல, உங்களை மீறித்தான் அவ படிப்பா. தெரிஞ்சுக்குங்க."

"செய்யிங்க" என்றாள் ராசாத்தி. குனிந்து அடுப்பை ஊதினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைத்தான் ஊதினாள்.

நடந்ததை எல்லாம் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அன்று காலை நான் எடுத்த வேலை பேசுகிற வேலை இல்லை. இந்தப் பக்கத்துப் புகையும் அந்தப் பக்கத்துப் புகையும் கண்ணில் ஏற, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சர்வேயர் அம்மா திரும்பிப் போய்க் கருவியில் கண்ணை வைத்தார்.

"அண்ணா, கோலை ஆட்டாதீங்க" என்றார்.